டீகிளாஸர் வாங்கலாம், ஆனால் உப்புத்தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

டீகிளாஸர் என்பது பழைய பெயின்டின் பளபளப்பை எடுக்கத் துணியில் நனைத்துத் துடைக்கும் திரவம். அதன் டப்பா மேல் கொட்டை எழுத்தில் ‘இனி உப்புத்தாளே தேவையில்லை’ என்று போட்டிருக்கிறார்கள். தேவைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு வரியை நம்பி வாங்குகிறவர்கள்தான் அப்புறம் பெயின்ட் உரிந்து வருகிறது என்று ஒற்றை ஸ்டார் போட்டுத் திட்டிவிட்டுப் போகிறார்கள். என்னைக் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம், அதுவும் பழைய எனாமல் அடித்த மரக்கதவு, ஜன்னல் சட்டம், படிக்கட்டுக் கைப்பிடி இவற்றுக்கு மட்டும்.

எனாமல் காய்ந்து இறுகிவிட்டால் அதன் மேற்பரப்பு வழுக்கும். அதன் மேல் அப்படியே புது பெயின்ட் அடித்தால் முதலில் நன்றாகத்தான் இருக்கும், கொஞ்ச நாளில் நகத்தால் சுரண்டினாலே தோல் தோலாக வரும். உப்புத்தாள் அதில் பொடிக் கீறல்கள் போட்டுப் பிடிமானம் உண்டாக்குகிறது. டீகிளாஸர் அதே வேலையைக் கரைப்பானை வைத்துச் செய்கிறது: மேல் படலத்தைக் கொஞ்சம் இளக்கிப் பளபளப்பை எடுத்துவிடுகிறது. அவ்வளவுதான். அதற்கு மேல் எதையும் இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இது காசுக்குத் தகுந்த வேலை செய்யும் இடம் வேலைப்பாடு உள்ள கதவு. பலகையைச் சுற்றி மேடும் குழிவுமாக ஒரு வரி ஓடும் அல்லவா, அங்கே உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் மேட்டில் பெயின்ட் முழுக்கப் போய் மரம் தெரிந்துவிடும், பக்கத்துக் குழிவிலோ பழைய பளபளப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். நான் துணியை நனைத்து மெல்லிய குச்சி நுனியில் சுற்றி அந்தக் குழிவில் ஓட்டினேன். விளக்கு வெளிச்சம் கோடாக மின்னிக்கொண்டிருந்த இடம் மங்கி வெளுத்தது, துணியில் பழைய பெயின்டின் நிறம் லேசாக இறங்கியது. துணியை அடிக்கடி திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அழுக்கான பக்கத்தாலேயே துடைத்தால் எடுத்ததை மறுபடி பூசிக்கொண்டிருப்போம்.

இனி, இது செய்யாதவை. பொருக்குத் தட்டிய பெயின்ட் இதனால் போகாது, ஸ்க்ரேப்பர் வைத்துத்தான் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடத்தின் ஓரம் படிக்கட்டு போல எழும்பி நிற்கும், அதை 120 நம்பர் தாளில் சரித்து, பிறகு 180 அல்லது 220 நம்பரில் நைசாக்கினால்தான் புது கோட்டில் அந்த ஓரம் தெரியாது. முன்னாடி அடித்தவர் விட்டுப்போன வழிசல், பிரஷ் கோடு எல்லாமும் அப்படித்தான். பள்ளத்தில் பட்டி வைத்தால் அதற்கும் தேய்ப்பு உண்டு, அந்த இடத்துக்குத் தனியாக பிரைமரும் உண்டு, இல்லாவிட்டால் பட்டி வைத்த இடம் மட்டும் பெயின்டை உறிஞ்சி மங்கலான திட்டாகத் தெரியும்.

எண்ணெய்ப் பிசுக்குக்கும் இது மருந்தில்லை. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, காய விட வேண்டும். கழுவுவதற்கு முன்னால் தேய்க்கவும் கூடாது, தேய்த்தால் பிசுக்கு கீறல்களுக்குள் இறங்கிவிடும். சிலிகான் கலந்த பாலிஷ் போட்ட மரமாக இருந்தால் இன்னும் மோசம், புது பெயின்ட் அங்கங்கே விலகி வட்ட வட்டமாகக் குழி விழும். சோதித்துப் பார்க்கவே ஒரு கதவில் கைப்பிடியைச் சுற்றி ஒரு பக்கத்தைக் கழுவாமல், டீகிளாஸர் மட்டும் துடைத்துவிட்டு அடித்தேன். பெயின்ட் நன்றாக இறுகிய பிறகு பிளேடால் பெருக்கல் குறி போலக் கீறி, டேப் ஒட்டிச் சடாரென்று இழுத்தால் ஒட்டும் திறன் தெரிந்துவிடும் (ஏஎஸ்டிஎம் டி3359 என்ற தரநிர்ணயச் சோதனையின் வீட்டு வடிவம்). கழுவிய பக்கம் அசையவில்லை. கழுவாத பக்கத்தில் டேப்போடு ஒரு துண்டு வந்துவிட்டது.

நேரக்கணக்கு முக்கியம். துடைத்த பிறகு இவ்வளவு நேரத்துக்குள் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று டப்பாவில் இருக்கும். என்னுடையதில் ஒரு மணி நேரம், மற்றவற்றில் வேறாக இருக்கலாம், படித்துப் பாருங்கள். அதனால் வீட்டுக் கதவுகளை எல்லாம் காலையில் மொத்தமாகத் துடைத்து வைத்துவிட்டு மத்தியானம் அடிக்கலாம் என்ற திட்டம் நடக்காது. ஒரு கதவைத் துடை, அடி, அடுத்ததற்குப் போ. இது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

சுவருக்கு வாங்காதீர்கள். எமல்ஷன் சுவரில் கரைப்பான் பட்டால் பிசுபிசுத்துக் குழம்பிவிடும், அங்கே கழுவி 220 தாளில் லேசாக ஓட்டினாலே போதும். அடித்திருப்பது எனாமலா எமல்ஷனா என்று சந்தேகம் வந்தால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஓரமாகத் தேயுங்கள், நிறம் பஞ்சில் வந்தால் பெரும்பாலும் தண்ணீர் வகையான எமல்ஷன்தான். ஃபாக்டரியிலேயே அடித்து வரும் கடினமான பூச்சிலும், இரண்டு பொருள் கலந்து அடிக்கும் பாலியூரித்தேனிலும் இதன் பாச்சா பலிக்காது. அதற்கு உப்புத்தாளும், வழுக்கும் பரப்பில் ஒட்டுவதற்கென்றே வரும் பிரைமரும்தான்.

தூசி கிளம்பாதது பெரிய நிம்மதி. ஆனால் ரொம்பப் பழைய வீடு என்றால் அடியில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம், அதை உலர்வாகத் தேய்ப்பதும் சுரண்டுவதும் ஆபத்து, குழந்தைகளுக்கு ரொம்பவே ஆபத்து. டீகிளாஸர் இருக்கிறதே என்று ஈயச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம், முதலில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஸ்க்ரேப்பரைத் தொடுங்கள்.

ஒரு ஸ்டாரைக் குறைத்தது பாதி அந்த விளம்பர வரிக்காக, பாதி நெடிக்காக. ஜன்னலை எல்லாம் திறந்து வைத்தும் தலை கிறுகிறுக்கும், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ எரியக் கூடாது. கையுறை டப்பாவில் சொன்ன வகையாகவே இருக்கட்டும், கிடைத்த மெல்லிய உறையை மாட்டினால் இளகிக் கிழிந்துவிடும். நனைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாமல் வெளியே காற்றாடப் பிரித்துப் போட்டு முழுக்க உலர விடுங்கள். சின்ன டப்பாவே வாங்குங்கள், துணியில்தான் நனைக்கிறோம், நினைப்பதைவிடக் குறைவாகத்தான் செலவாகும்.