ஜெல்லா, மாத்திரையா, பொறுத்துக்கொள்வதா: மாதவிடாய் நிற்கும் வயதில் எதை எடுப்பது?

எனக்கு 48, அக்காவுக்கு 52. மாடியும் கீழுமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். போன சித்திரையில் ராத்திரி இரண்டு மணிக்கு நான் எழுந்து நைட்டி மாற்றிக்கொண்டிருந்தால் கீழே அக்கா வீட்டு விளக்கும் எரியும். நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, முகம், காது மடல் வரை ஏறும், இதயம் படபடவென்று அடிக்கும், குப்பென்று வேர்த்துக் கொட்டி ஐந்து நிமிடத்தில் உடம்பு சில்லிட்டுப்போகும். இருவருக்கும் தொல்லை ஒன்றுதான், ஆனால் எடுத்த வழி வேறு. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

முதலில் எங்கள் அம்மா எடுத்த வழி: பொறுத்துக்கொள்வது. லேசாக வந்து போகிறவர்களுக்கு இது போதும். பருத்தித் துணி, சீக்கிரம் சாப்பாடு, காற்றோட்டமான அறை என்று சமாளித்துவிடலாம். ஆனால் இதற்குச் செலவே இல்லை என்று நினைக்கிறோமே, அது தப்பு. அமெரிக்காவில் பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் பாதிப் பேருக்கு இந்தச் சூடு ஏழு வருடத்துக்கு மேல் நீடித்தது. ஏழு வருடத் தூக்கம்! பிறப்புறுப்பு வறட்சியும் அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றும் காலம் போகப்போகக் கூடத்தான் செய்யும். அம்மா இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்த வறட்சிக்கு மட்டும் என்றால், இந்த வயதில் உடம்பில் குறைந்துபோகும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்த அளவில் சேர்ந்த க்ரீம் இருக்கிறது, உள்ளே தடவிக்கொள்வது, ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் சேரும்.

அடுத்தது ஹார்மோன். சொன்ன உடனே "ஐயோ, கேன்சர் வருமே" என்பார்கள். இந்தப் பயம் 2002-இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்விலிருந்து வந்தது. ஈஸ்ட்ரோஜனும், கர்ப்பப்பையைக் காக்கக் கூடவே கொடுக்கும் புரோஜெஸ்டின் என்ற ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு எட்டுப் பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். அது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. கர்ப்பப்பை எடுத்தவர்கள் ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்டபோது அந்தக் கூடுதல் தெரியவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மைதான் அதிகம் என்று மருத்துவ அமைப்புகள் இப்போது சொல்கின்றன. சூட்டுக்கு இதைவிட வலுவான மருந்து கிடையாது, எலும்பு தேய்வதையும் தடுக்கும்.

நான் எடுத்தது தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல். மாத்திரை கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் கூடும், தோல் வழியாகப் போவதில் அந்தத் தொல்லை இல்லை. தினமும் குளித்தபின் கையில் தடவி, காயும் வரை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்பேன். கர்ப்பப்பை இருப்பதால் ராத்திரி ஒரு புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் கட்டாயம், இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உள் சவ்வு தடித்துப் புற்றுநோய் வரைக்கும் போகலாம். அந்த மாத்திரை கண்ணைச் சொக்கவைக்கும், எனக்கு அது வரமாகப் போயிற்று.

அக்காவுக்கு இந்தக் கதவு மூடியிருந்தது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து, அது திரும்ப வராமலிருக்கத் தமாக்ஸிஃபென் சாப்பிடுகிறாள், அந்த மாத்திரையே சூட்டைக் கிளப்பும். அவளுக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லாஃபாக்ஸினைக் குறைந்த அளவில் எழுதினார் டாக்டர். "எனக்கென்ன மனநோயா?" என்று அழுதாள். மூளையில் உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடத்திலும் இது வேலை செய்கிறது என்று சொல்லிப் புரியவைக்க இரண்டு நாள் ஆயிற்று. முதல் வாரம் குமட்டல். அப்புறம் ராத்திரி நாலு தடவை எழுந்தவள் ஒரு தடவை எழுந்தாள். ஜெல் அளவுக்கு இல்லை, ஆனால் தூங்குகிறாள். ஒரு விஷயம் முக்கியம்: இதேபோல மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பராக்ஸிடின் தமாக்ஸிஃபென்னின் வேலையைக் கெடுக்கும், அதைத் தவிர்க்க வேண்டும்.

சோயா மாத்திரை, ஈவ்னிங் ப்ரிம்ரோஸ் எண்ணெய், பிளாக் கோஹோஷ் என்று கடையில் விற்பதற்கெல்லாம் நான் காசு போடமாட்டேன். ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சூடு கணிசமாகக் குறைகிறது, இவை அதைத் தெளிவாகத் தாண்டவில்லை. அந்தக் காசுக்குக் கேழ்வரகு வாங்கலாம். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. சூட்டுக்கு உதவாது, எலும்புக்கு உதவும்.

எனக்கு மனசு ஆறாத வழி ஒன்று உண்டு. நாற்பதுகளில் உதிரப்போக்கு அதிகமானால் "பிள்ளைதான் பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்பது. கூடவே சினைப்பைகளையும் எடுத்தால், வருடக்கணக்கில் மெல்ல நடக்க வேண்டிய மாற்றம் ஒரே நாளில் உடம்பின் மேல் விழும். சம்மதிக்கும் முன் காப்பர் டி போலக் கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் வெளியிடும் மிரேனா பற்றிக் கேளுங்கள், பலருக்கு உதிரப்போக்கு அதிலேயே அடங்கிவிடும். சினைப்பையையும் எடுப்பீர்களா, ஏன் என்றும் கேளுங்கள்.

எதைத் தொடங்கினாலும் முன்னால் ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பார்த்துவிடுங்கள். தைராய்டு கூடினாலும் இதே வேர்வை, இதே படபடப்புதான் வரும். ஒரு வருடம் முழுக்க நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதே வாரம் டாக்டரிடம் போங்கள். எனக்குத் தை மாதம் மறு பரிசோதனை, ஜெல்லைத் தொடர்வதா குறைப்பதா என்று அப்போதுதான் பேச வேண்டும்.