டென்ஸ் கருவி: முதுகு அறுவைக்குப் பின் மிஞ்சும் நரம்பு வலிக்கு எவ்வளவு உதவும்?

தோலில் ஒட்டும் ஜெல் பட்டைகள் (பேட்கள்) வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தும், டென்ஸ் எனப்படும் மின்தூண்டல் கருவி வலியைத் தீர்த்துவிடும் என்று விளம்பரங்கள் அடித்துச் சொல்கின்றன. நான் பயன்படுத்தியவரை அது வலியைத் தீர்ப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்வரை அமுக்கி வைக்கிறது, நிறுத்திய பிறகும் சிறிது நேரம் தள்ளிப் போடுகிறது. அவ்வளவு போதும் என்பவர்களுக்கு, இரண்டாயிரம் ரூபாய்க்குள் நான் வாங்கியது போன்ற சாதாரணக் கருவியே போதுமானது.

கீழ்முதுகின் எல்4, எல்5 எலும்புகளுக்கு இடையே பிதுங்கியிருந்த டிஸ்கை (இடைத்தட்டை) அறுவையில் அகற்றியதும், நிற்கவே விடாத இடுப்பு வலி போய்விட்டது. ஆனால் வலது கெண்டைக்காலின் வெளிப்புறத்திலிருந்து கட்டைவிரல் வரை ஓடும் எரிச்சலும், புரண்டு படுக்கும்போது கரண்ட் அடித்தாற்போல் சுரீரென்று வரும் இழுப்பும் தங்கிவிட்டன. நெடுநாள் நசுங்கிக் கிடந்த நரம்பு, அழுத்தம் நீங்கிய உடனேயே அடங்கிவிடுவதில்லை. சிதைந்த நரம்பிழை நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. அளவில்தான் மீண்டும் வளரும் என்பதால், இடுப்பிலிருந்து பாதம் வரையுள்ள தொலைவுக்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட ஆகலாம். மருத்துவர் எழுதித்தந்த பிரிகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை இரவுத் தூக்கத்தை மீட்டுத் தந்தாலும், பகலில் தலைசுற்றலையும் மந்தத்தையும் கொடுத்தது. பகல் நேரத்துக்கு மாத்திரையைக் கூட்டாமல் வேறு வழி உண்டா என்று கேட்டபோதுதான் பிசியோதெரபிஸ்ட் இந்தக் கருவியைப் பரிந்துரைத்தார். (பிரிகாபலினை மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தவும் கூடாது.)

1965-ல் வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் முன்வைத்த கோட்பாடுதான் இதன் அடிப்படை. தொடு உணர்வைக் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் தண்டுவடத்துக்கு மிகுதியாகச் செய்தி அனுப்பும்போது, வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளின் செய்தி அங்கேயே மட்டுப்படுகிறது. இடித்துக்கொண்ட முழங்காலைக் கை தானாகத் தேய்ப்பதும் இதனால்தான். 80 முதல் 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை மின்துடிப்புகள்) வரையிலான அமைப்பில், எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு எரிச்சலுக்கு மேலே ஒரு போர்வையாகப் படிகிறது. 2 முதல் 4 ஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த அமைப்பில் தசை துடிக்கிறது; எனக்கு அது ஒத்துவரவில்லை.

பேட்களை எங்கே ஒட்டுவது என்பதில்தான் பலன் இருக்கிறது. கடைக்காரர் வலிக்கும் இடத்திலேயே ஒட்டச் சொன்னார். ஆனால் என் பாதத்தில் மரத்துப்போன பகுதி உண்டு. உணர்வற்ற தோலில் மின்சாரம் அளவுக்கு மீறினால் நமக்குத் தெரியாமலே தோல் புண்ணாகிவிடும். ஆகவே ஒரு ஜோடியைத் தழும்பைத் தவிர்த்து முதுகெலும்பின் இருபுறமும், மற்றொன்றை உணர்வுள்ள கெண்டைக்காலிலும் பிசியோதெரபிஸ்ட் ஒட்டிக் காட்டினார். தையல் ஆறும்வரை கருவியைத் தொடக்கூட அவர் அனுமதிக்கவில்லை.

குறைகளும் உண்டு. அளவைக் கூட்டும் திருகுகள் மூடியின்றிக் கருவியின் மேல்முனையில் துருத்திக்கொண்டிருப்பதால், சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குனிந்தால் திருகு நகர்ந்து தூக்கிவாரிப் போடுகிறது. பேட்கள் அதைவிடத் தொல்லை. சென்னை வெயிலில் வியர்வை பட்டதும் ஓரம் கழன்றுவிடும். ஒட்டியிருக்கும் சிறு பகுதியில் மட்டும் மின்சாரம் குவிந்து ஊசியாகக் குத்தும். தோலைக் கழுவித் துடைத்து, பயன்படுத்திய பின் ஜெல்மீது இரண்டு சொட்டு நீர் தடவி, பிளாஸ்டிக் தாளிலேயே திரும்ப ஒட்டிவைத்தால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். கருவியின் விலையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள், மாற்று பேட்களுக்குத் தொடர்ந்து ஆகும் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மருத்துவ உலகம் இதைக் கைதட்டி வரவேற்பதாகவும் நினைக்க வேண்டாம். இடுப்பு வலிக்கும் சயாட்டிகாவுக்கும் (இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் நரம்பு வலி) டென்ஸை அளிக்க வேண்டாம் என்றே பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதை அறிந்தும் நான் இதை வைத்திருப்பதற்கு ஒரே காரணம் நடைப்பயிற்சி: அரை மணி நேரம் கருவியை ஓட்டிய பிறகு எரிச்சல் தணிந்திருக்கும் இடைவெளியில் நடக்க முடிகிறது. தினமும் இடைவிடாது ஓட்டினால் உடல் பழகிப் பலன் மங்குவதால், நடப்பதற்கு முன் மட்டும் பயன்படுத்துகிறேன்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதைத் தொடக் கூடாது. வலிப்பு நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். கழுத்தின் முன்புறத்தில் ஒருபோதும் ஒட்டக் கூடாது. முதுகில் கம்பியோ திருகோ பொருத்தியிருந்தால் அறுவை செய்தவரின் ஒப்புதல் வேண்டும். சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ கருவியைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வாங்குவதென்று முடிவெடுத்தால், முதலில் பிசியோதெரபி நிலையத்தில் ஓரிரு அமர்வுகள் இதை வைத்துப் பார்த்து, உங்கள் நரம்பு இதற்கு இணங்குகிறதா என்று அறிந்துகொள்ளுங்கள். பிறகு கடையில் இரண்டே கேள்விகள்: திருகுக்கு மூடியோ பூட்டோ உண்டா, பிற நிறுவனங்களின் பேட்கள் இதன் ஒயரில் பொருந்துமா?