பழைய லேண்ட் ரோவருக்கு பி.டி.ஓ. தேவையா? தண்ணீர், வின்ச், மரம்: மலையகத்துக்கான ஒப்பீடு

சீரிஸ் வகைப் பழைய லேண்ட் ரோவரை எந்த கராஜில் கொண்டுபோய் நிறுத்தினாலும் ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: “இதுக்கு ஒரு பி.டி.ஓ. போடுங்க சேர். தண்ணி இறைக்கலாம், மரம் அறுக்கலாம், வின்ச் ஓட்டலாம்.” அவர் சொல்வது மூன்றும் நடக்கக்கூடியவைதான். ஆனால் வேலை எங்கே இருக்கிறது, வண்டி எங்கே நிற்க முடியும் என்ற இரண்டையும் பார்த்த பிறகே காசை எண்ண வேண்டும். என் கணக்கு இது: கேபிளைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச்சுக்குப் போடலாம், தண்ணீருக்கு வேண்டாம், மரத்துக்கு இடத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

எஞ்சினின் சக்தியைச் சில்லுக்கு அனுப்பாமல் வேறொரு இயந்திரத்துக்குக் கொடுக்கிற இணைப்புதான் பவர் டேக்-ஓஃப், சுருக்கமாகப் பி.டி.ஓ. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவரை முதலில் காட்டியபோது விவசாயியை மனதில் வைத்துத்தான் காட்டினார்கள். அதனால் சக்தி எடுக்கும் வழியையும் வண்டியிலேயே விட்டுவைத்தார்கள். கியர்பொக்ஸின் மெயின் ஷாஃப்ட், முன் பின் சில்லுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் பொக்ஸுக்குப் பின்பக்கம் வந்து முடியும் இடத்தில் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றி, பல் கிளட்ச் உள்ள சிறு யூனிட்டை அங்கே பூட்டினால் பி.டி.ஓ. வந்துவிடும். சேசிஸின் பின் குறுக்குச் சட்டத்தில் பெரிய வட்டத் துளையும் அதைச் சுற்றிப் பொல்ட் துளைகளும் இருப்பது பின்பக்க யூனிட்டுக்காகத்தான். துருப்பிடித்து, பிறகு உள்ளூரில் வெல்டிங் பண்ணி மாற்றிய சட்டங்களில் அந்தத் துளை காணாமல் போயிருக்கும். வாங்குமுன் குனிந்து பாருங்கள்.

அதே இடத்துக்கு இன்னொரு போட்டியாளரும் உண்டு: ஓவர்டிரைவ். இரண்டும் ஒரே இடத்தில்தான் பூட்டும், ஒன்றைப் போட்டால் மற்றதற்கு இடமில்லை. கொழும்பு-புத்தளம் வீதியில் தினமும் ஓடுகிறவருக்கு ஓவர்டிரைவ் நல்லது, எஞ்சின் அலறல் குறையும். றம்பொடையில் ஏறி, ஹக்கலையில் இறங்கி, வெலிமடைப் பக்கம் வளைந்து வளைந்து போகிறவருக்கு நாலாவது கியரே அரிதாகத்தான் விழும். அதற்கு மேலே இன்னொரு கியர் எதற்கு? மலைநாட்டுக்காரர் ஓவர்டிரைவுக்குக் காசு கொடுப்பதை நான் வீண் என்றே சொல்லுவேன்.

தண்ணீர்: பி.டி.ஓ. பம்பா, தனிப் பம்பா?

கோவா, லீக்ஸ், கரட் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைப்பதுதான் பி.டி.ஓ. வாங்க நினைப்பவர்கள் முதலில் சொல்லும் காரணம். இங்கேதான் அது தோற்கிறது. காரணம் காற்றழுத்தம். கடல் மட்டத்தில் எந்தப் பம்பும் தண்ணீரை உறிஞ்சி மேலே எடுக்கக்கூடிய உச்ச உயரம் 10 மீற்றர் சொச்சம். 1868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் அது 8 மீற்றர் அளவுக்கு இறங்கிவிடும். குழாய் உராய்வையும் வால்வுக் கசிவையும் கழித்தால் 5, 6 மீற்றர்தான் நம்பக்கூடிய கணக்கு. வண்டியோ வீதியில் நிற்கிறது, ஓடையோ பத்துப் பதினைந்து மீற்றர் கீழே ஓடுகிறது. எழுபது குதிரைவலு எஞ்சினாக இருந்தாலும் உறிஞ்சும் பக்கத்தில் எதுவும் செய்ய முடியாது. தள்ளும் பக்கத்தில்தான் எஞ்சினின் பலம் எடுபடும்.

தனிப் பம்ப் செட்டை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடைக் கரைக்கே போகலாம். அங்கிருந்து மேலே தள்ளட்டும். நொடிக்கு 5 லீற்றரை 60 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற வேண்டுமென்றால், பம்பின் திறன் பாதி என்று வைத்தாலும் 8 குதிரைவலுதான் தேவை. அவ்வளவு உயரம் தள்ளுகிற பம்பாகப் பார்த்து வாங்க வேண்டும், எல்லா இரண்டு அங்குலப் பம்பும் அதற்கு ஆகாது. அந்த 8 குதிரைவலுக்காக லேண்ட் ரோவரின் 2.25 லீற்றர் எஞ்சினை மணிக்கணக்காக நிறுத்தி ஓட்டுவது எண்ணெயைக் கொட்டுகிற வேலை. வண்டி நகராததால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றும் கிடையாது. நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், ஆகவே ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இத்துப் போயிருந்தால் சமவெளியில் தாங்கிய எஞ்சின் இங்கே தாங்காது.

பி.டி.ஓ. பக்கம் ஒரு நியாயம் உண்டு. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கேனுக்கு எண்ணெய் அடிக்கக் கூடாது என்று வந்தபோது தனிப் பம்ப் வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள், வண்டித் தாங்கியில் இருந்ததுதான் எண்ணெய். அப்படி ஒரு காலத்துக்காக மட்டும் இந்த வேலையில் இறங்குவதா என்பது அவரவர் பயத்தைப் பொறுத்தது. வீதியோரத்திலேயே குளமோ தாங்கியோ உள்ளவருக்கு மட்டும் என் பதில் மாறும்.

வின்ச்: மூன்று வழிகள்

மழைக்காலத்தில் தோட்டத்துச் சிறு பாதையில் சில்லு கானுக்குள் இறங்கியவருக்கு வின்ச்சின் அருமையைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பி.டி.ஓ.வில் ஓடும் டிரம் வின்ச், பெட்டரி வின்ச், கைவின்ச் என்று மூன்று இருக்கின்றன.

இன்று எல்லோரும் பெட்டரி வின்ச்சைத்தான் வாங்குகிறார்கள். நாலு பொல்ட், இரண்டு தடித்த வயர், வேலை முடிந்தது. ஆனால் முழுப் பாரத்தில் 12 வோல்ட் வின்ச் 400 அம்பியர் வரை இழுக்கும். பழைய சீரிஸ் வண்டியின் டைனமோ கொடுப்பதோ 22 அம்பியர் அளவு. அதாவது இழுவை முழுக்கப் பெட்டரியின் சேமிப்பிலிருந்துதான் போகிறது. ஒரு நிமிடம் இழுத்தால் நிறுத்தி மோட்டாரை ஆறவிட வேண்டும். இன்னொன்று: 1967க்கு முந்திய பல வண்டிகளில் பெட்டரியின் பிளஸ் முனைதான் சேசிஸுக்கு எர்த். அதைக் கவனிக்காமல் புது வின்ச்சின் வயரைக் கொடுத்தால் புகைதான் வரும். ஓல்டர்னேட்டர் போட்டு, எர்த்தை மாற்றி, பெரிய பெட்டரி வைத்து என்று கூட்டிப் பார்த்தால் “மலிவு” என்ற சொல் பாதி வழியில் இறங்கிவிடுகிறது. ஆனாலும் எஞ்சின் நின்றுபோன நிலையிலும் இது கொஞ்ச நேரம் இழுக்கும். செங்குத்தாகச் சரிந்து நிற்கும் வண்டியில் காபரேட்டர் மூச்சுத் திணறி எஞ்சின் அணைவது பெட்ரோல் சீரிஸ்காரர்களுக்குப் பழகிய கதை. அந்த நிமிடத்தில் பி.டி.ஓ. வின்ச் வெறும் இரும்பு.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்வரை பி.டி.ஓ. வின்ச்சை மிஞ்ச ஆளில்லை. சக்தி கியர்பொக்ஸ் வழியாக வருவதால் கியரை மாற்றிக் கேபிளின் வேகத்தை மாற்றலாம், ரிவர்ஸ் போட்டுக் கேபிளை அளவாக விடலாம். கிளட்சை மிதித்தால் இழுவை நிற்கும். பெட்டரி தீருமோ என்ற பயமில்லாமல், அரை மணி நேரமானாலும் நிதானமாக இழுக்கலாம். விழுந்த யூக்கலிப்டஸ் மரத்தை வீதியிலிருந்து அகற்றுவது மாதிரியான நீண்ட வேலையில் வித்தியாசம் தெரியும். உயரத்தில் சாதாரண எஞ்சின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும், இருந்தும் வின்ச்சுக்கு மிச்சம் நிறையவே இருக்கும். அந்த மிச்சம்தான் ஆபத்தும். பெட்டரி வின்ச் திணறி நிற்கிற இடத்தில் இது நிற்காமல் கேபிளை அறுத்துவிடும். அதற்காகத்தான் பாரம் மிஞ்சினால் முதலில் ஒடிகிற மெல்லிய ஷியர் பின் வைக்கிறார்கள். அது ஒடிந்ததும் கையில் கிடைத்த கடினமான பொல்ட்டைச் செருகும் பாஸ்மாரை நம்பாதீர்கள், அடுத்த முறை உடைவது வின்ச் பெட்டியாகவோ உங்கள் காலாகவோ இருக்கலாம். கேபிளுக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்களை விரட்டுங்கள், கேபிளின் நடுவில் நனைத்த சாக்கொன்றைப் போடுங்கள்.

கைவின்ச் மெதுவானது, தோள் வலிக்கும். ஆனால் முன்பம்பரில் பூட்டிய வின்ச் முன்னுக்குத்தான் இழுக்கும், நம் பாதைகளிலோ வண்டி பக்கவாட்டில் கானுக்குள் சரிவதுதான் வழக்கம். கைவின்ச்சை எந்தப் பக்கத்து மரத்திலும் கட்டலாம், பின்னுக்கும் இழுக்கலாம். எந்த வின்ச் வைத்திருந்தாலும் இதுவும் ஒன்று வண்டியில் கிடக்கட்டும். தேயிலைச் செடியில் மட்டும் கட்டாதீர்கள், செடி வேரோடு வரும், அப்புறம் துரைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மரம் அறுப்பது

பின்பக்க யூனிட்டில் கப்பி மாட்டி, தட்டைப் பெல்ட்டால் வட்டவாளை ஓட்டும் முறை பழையது. செயின்சோ வந்தபிறகு விறகுக்கு அது தேவையில்லை. பலகை கிழிக்க மட்டும் பெறுமதி உண்டு. வாள் மரத்தைக் கடிக்கும்போது எஞ்சின் வேகம் விழும், விடுபட்டதும் பாயும். அதனால்தான் லேண்ட் ரோவர் இதற்கென்றே வேகத்தைச் சீராக வைக்கும் எஞ்சின் கவர்னரைத் தனியாக விற்றது. கவர்னர் இல்லாத வண்டியில் வட்டவாள் ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. சமதளமான முற்றமும் வேண்டும், அது மலையில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

மாட்டும்போது

கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடினால் பழைய யூனிட் எப்போதாவது கிடைக்கும். பல் கிளட்சின் முனைகள் வட்டமாகத் தேய்ந்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விடுங்கள், பாரத்தில் நழுவி வெளியே வரும். பூட்டுமுன் டிரான்ஸ்பர் பொக்ஸ் ஒயிலை வடித்துவிட்டு, பூட்டிய பிறகு புது ஒயில் நிரப்புங்கள். பின்பக்க யூனிட்டுக்குத் தனி ஒயில் உண்டு, அதை மறப்பவர்கள் அதிகம். அதன் ஷாஃப்ட் ஆறு பல் கொண்ட டிராக்டர் அளவா என்று பார்த்துக்கொண்டால் டிராக்டர் சாமான்கள் நேரே பொருந்தும். சுழலும் ஷாஃப்டுக்கு மூடி போடாமல் ஓட்டாதீர்கள். சாரம் கட்டியவரோ தாவணி போட்டவரோ கிட்டப் போகவே கூடாது.

வண்டியை நிறுத்தி வேலை செய்யும்போது டிரான்ஸ்பர் லீவர் நியூட்ரலில் இருக்க வேண்டும், கிளட்சை முழுக்க மிதித்துத்தான் பி.டி.ஓ. லீவரைப் போட வேண்டும். சீரிஸ் வண்டியின் ஹேண்ட் பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை, பின் ப்ரொப் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சில்லு சேற்றில் பிடிமானமில்லாமல் நின்றால் டிபரென்ஷியல் வழியாக அது பின்னுக்குச் சுற்றும், வண்டி சரிவில் இறங்கிவிடும். ஹேண்ட் பிரேக் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் நாலு சில்லுக்கும் கட்டை வைத்துவிட்டே எஞ்சினை ரேஸ் பண்ணுங்கள்.