ஒரே கலவை, இரண்டு ஊர்கள்: முதிர்ந்த பூஅர் வட்டுகள் குறித்த ஓர் ஒப்பீடு

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் விளையும் பெரிய இலைத் தேயிலையை வெயிலில் உலர்த்தி, ஆவியில் இளக்கி, 357 கிராம் வட்டாக அழுத்தி, ஏழேழாக மூங்கில் மடலில் கட்டி வைப்பது பூஅர் தேயிலையின் நெடுநாள் வழக்கம். ஷெங் எனப்படும் பச்சை வட்டு ஆண்டுக்கணக்கில் தானே முதிரும். வாங்குவோர் முதலில் கேட்பது அதன் வயதைத்தான். அது எந்த ஊர்க் காற்றில் முதிர்ந்தது என்பதே கோப்பையில் தெளிவாகத் தெரியும் என்று நான் கருதுகிறேன்.

இதற்கு யுன்னானிலுள்ள மெங்ஹாய் தேயிலை ஆலையின் 7542 என்ற எண்ணுள்ள ஷெங் கலவை நல்ல உரைகல். எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் கலவையை வகுத்த 1975ஆம் ஆண்டையும், மூன்றாவது இலைத் தரத்தையும், கடைசி இலக்கம் ஆலையையும் குறிக்கின்றன. 75 என்பதை வட்டு செய்த ஆண்டாக எண்ணி அதிக விலை கொடுத்துவிடக் கூடாது. பல்லாண்டுகளாகச் செய்யப்பட்டுவரும் கலவை இது என்பதால், ஏறத்தாழ ஒரே வயதுள்ள வட்டுகளை ஹாங்காங் கிடங்கிலிருந்து ஒன்றும் யுன்னான் தலைநகரான குன்மிங்கின் கிடங்கிலிருந்து ஒன்றுமாக எடுத்து அருகருகே வைத்துச் சுவைக்க முடிகிறது.

ஹாங்காங்கின் வெப்பமும் கடற்கரை ஈரமும் வட்டை முதிரச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு உகந்தவை. அங்குள்ள பழைய வணிகர்கள் வட்டுகளை ஈரம் மிகுந்த தரைத்தளக் கிடங்கில் சில ஆண்டுகள் வைத்து, பின்னர் அந்த வாடை தணியக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினார்கள். அப்படி முதிர்ந்த தேநீர் செம்பழுப்பாக இறங்கும். துவர்ப்பு ஏறக்குறைய அடங்கியிருக்கும். மழை நனைத்த மண்ணும் பழைய மரப்பெட்டியும் சில வட்டுகளில் கற்பூரமும் மணக்கும். கவனம் தவறிய கிடங்கில் இதே ஈரம் பூஞ்சைவாடையாக மாறிவிடும்.

குன்மிங் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், உலர்ந்த குளிர்ந்த காற்றில் இருக்கிறது. அங்கே முதிர்வு மெல்ல நடப்பதால், இருபது ஆண்டு கடந்த வட்டிலும் இலையின் கசப்பும் மலர்மணமும் மிஞ்சியிருக்கும். அந்தக் கசப்பு விலகியபின் தொண்டையில் ஊறும் இனிப்பு, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருவதைப் போன்றது. அதற்காகவே நான் குன்மிங் வட்டைத் தேடுவேன். உணவுக்குப் பின் அருந்துவதென்றால் ஹாங்காங் வட்டுக்கே என் வாக்கு.

1973இல் குன்மிங் ஆலையில் உருவான, ஈரக் குவியலில் விரைந்து நொதிக்க வைக்கும் ஷோ முறை, இந்த முதிர்ந்த சுவையைச் சில வாரங்களிலேயே எட்டும் முயற்சி. மென்மையும் நிறமும் அதில் உண்டு. நெல்லிக்காய் இனிப்பு அரிது.

காய்ச்சும் முறையும் வேறுபட வேண்டும். ஆனால் இரண்டுக்கும் 100 மில்லிலிட்டர் கலத்துக்கு 7 கிராம் இலையும் நன்கு கொதித்த நீரும் பொருந்தும். வட்டின் விளிம்பில் மெல்லிய ஊசியைச் செருகி, இலை நொறுங்காமல் அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். ஹாங்காங் வட்டைப் பிரித்தபின் இரண்டு வாரம் மண்சாடியில் ஆறவிட்டு, கொதிநீர் ஊற்றி உடனே வடித்து இருமுறை கழுவி, சீனாவின் யீசிங் ஊர்க் களிமண் கெண்டியில் காய்ச்சினால், சூடு நிலைத்து, கிடங்குவாடை குறைந்து, சுவை திரளும். குன்மிங் வட்டுக்கு ஒருமுறை கழுவுவதே போதும். ஐந்து நொடியில் வடித்துவிட வேண்டும், பத்து நொடி தாண்டினால் கசப்பு மேலோங்கும். மணத்தை உறிஞ்சாத பீங்கான் கிண்ணமே அதற்கு ஏற்றது. அதே இலையில் ஏழெட்டு முறை நீர் ஊற்றி வடித்த பிறகு, இரண்டையும் சற்றுக் கூடுதல் நேரம் ஊறவிடலாம்.

கடைசியில் ஊறிய இலையை விரல்களால் விரித்துப் பாருங்கள். குன்மிங் இலை பழுப்பாக, தோல்போல் நெகிழ்ந்து விரியும். நல்ல ஹாங்காங் இலை கருத்திருந்தாலும் விரியும். கரிந்ததுபோல் இறுகி, விரிய மறுக்கும் இலை பெரும்பாலும் அளவுக்கு மீறிய ஈரத்தில் கிடந்ததாகவே இருக்கும். அந்த வட்டை, உறையில் எந்த ஆண்டு இருந்தாலும், நான் வாங்கமாட்டேன்.