பிளாட்டினமா, ருத்தினேட்டா: மெல்லிய ஃபெரோமின் படலத்துக்கு எந்த மின்வாய்?

கடத்துதிறனை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. அறை வெப்பநிலையில் ஸ்ட்ரான்சியம் ருத்தினேட்டின் மின்தடை எண் பிளாட்டினத்தினுடையதைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு. ஆனாலும் சில நானோமீட்டர் தடிமனே உள்ள பேரியம் டைட்டனேட் (வெளிப்புலம் இல்லாமலே மின்முனைவு கொண்டு, புலத்தால் அதன் திசையைத் திருப்பக்கூடிய ஃபெரோமின் பொருள்) படலத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ருத்தினேட்டையே நாடுகிறார்கள்.

காரணம் நிலைமின்னியலில் இருக்கிறது. முனைவாக்கம் பெற்ற, அதாவது நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே எதிரெதிர்த் திசையில் விலகி நிற்கும் படலத்தின் இரு பரப்புகளிலும் கட்டுண்ட மின்னூட்டம் தங்கும். பேரியம் டைட்டனேட்டில் அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 26 மைக்ரோகூலூம். அதை யாரும் ஈடுகட்டாவிட்டால் நானோமீட்டருக்கு ஏறத்தாழ 30 வோல்ட் எதிர்ப்புலம் எழ வேண்டும்; அதற்குள் முனைவாக்கமே அழிந்துவிடும். மின்வாயின் எலக்ட்ரான்கள் ஈடுகட்டத்தான் செய்கின்றன, ஆனால் மிகச் சரியாக எல்லையில் அல்ல, சற்று உள்ளே தள்ளி. அந்த இடைவெளி ஒவ்வொரு பக்கமும் வெறும் 0.1 ஆங்ஸ்ட்ராம் என்று வைத்துக் கணக்கிட்டால்கூட, இரு பக்கமும் சேர்ந்து 0.6 வோல்ட் மிஞ்சுகிறது. 100 நானோமீட்டர் படலத்தில் இது பொருட்டல்ல. 5 நானோமீட்டரில் அதுவே சென்டிமீட்டருக்கு 12 லட்சம் வோல்ட்!

ருத்தினேட் தன் பங்கைக் காட்டுவது இங்கேதான். அதுவும் பேரியம் டைட்டனேட்டைப் போலவே பெரோவ்ஸ்கைட் என்ற அணு அமைப்புள்ள படிகம் என்பதால், எல்லையை ஒட்டிய அதன் அயனிகளும் படலத்தின் அயனிகளோடு சேர்ந்து இடம்பெயர்கின்றன. எலக்ட்ரான்கள் விட்ட குறையை அயனிகள் ஓரளவு நிரப்புகின்றன. அதற்கும் எல்லை உண்டு. இரு ருத்தினேட் மின்வாய்களுக்கு இடையில் பேரியம் டைட்டனேட் 6 அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம்), அதாவது சுமார் 2.4 நானோமீட்டர் தடிமனுக்குக் கீழே முனைவாக்கத்தை இழக்கும் என்று ஹுங்கேரா, கோசே என்ற இயற்பியலாளர்கள் 2003இல் கணித்தார்கள்.

பிளாட்டினத்தை இதனால் தள்ளிவிட முடியாது. படலம் பேரியம் ஆக்சைடு அடுக்கில் முடிந்து பிளாட்டினத்தைத் தொட்டால், அங்கே உருவாகும் பிணைப்பு முனைவாக்கத்தை வலுப்படுத்தவே செய்யும் என்று 2009இல் வந்த முதற்கொள்கைக் கணக்கீடு (குவாண்டம் விதிகளிலிருந்தே தொடங்கும் கணக்கீடு) காட்டியது. அணு அடுக்கை அவ்வளவு துல்லியமாக நிறுத்துவது யாருக்கு வாய்க்கும் என்பது வேறு விஷயம்.

நடைமுறையில் பிளாட்டினத்தின் தலைவலி சோர்வு. ஈய சிர்கோனேட் டைட்டனேட் என்ற மற்றொரு ஃபெரோமின் படலத்தில் முனைவாக்கத்தின் திசையைப் பல லட்சம் முறை திருப்பினால் அது தேய்கிறது. எல்லையில் சேரும் ஆக்சிஜன் வெற்றிடங்கள்மீதே (படிகத்தில் ஆக்சிஜன் அணு இல்லாமல் காலியான இடங்கள்) பலரும் பழி போடுகிறார்கள். ருத்தினேட் போன்ற ஆக்சைடு மின்வாயில் இந்தத் தேய்மானம் வெகுவாகக் குறைகிறது, பதிலுக்குக் கசிவு மின்னோட்டம் பொதுவாகக் கூடுகிறது. ஆகவே 100 நானோமீட்டருக்கு மேல், முனைவாக்கத்தை அடிக்கடி திருப்பாத உணரிக்குப் பிளாட்டினமே போதும். 10 நானோமீட்டருக்குக் கீழே நான் ருத்தினேட்டைத்தான் எடுப்பேன்.

மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கலந்து வைப்பதை மட்டும் மெல்லிய படலத்தில் தவிர்ப்பது நல்லது. இரண்டின் வெளியேற்று ஆற்றலும் (ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) வேறு. உள்ளேயே ஒரு புலம் குடியேறி, தயக்க வளையம் (புலத்துக்கு ஏற்ப முனைவாக்கம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) ஒரு பக்கமாக நகர்ந்து, இரு முனைவாக்க நிலைகளில் ஒன்று எளிதில் மற்றொன்றாகப் புரண்டுவிடும்.