மூச்சிலிருந்து தொடங்கும் ஒரு நாகசுர வகுப்பு

பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாக வாய்ப்பாட்டு கற்பித்து வரும் நான், கும்பகோணத்தில் ஒரு நாகசுர வித்வான் தம் வீட்டுப் பின்கட்டில் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்கு மூன்று மாதங்கள் சென்று வந்தேன். இணையத்தில் தம் பெயர் வருவதை அவர் விரும்பவில்லை என்பதால் அதைத் தவிர்த்திருக்கிறேன். கச்சேரி செய்யும் எண்ணத்தோடு நான் அங்கே சேரவில்லை. பல்லவியின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது எனக்கு மூச்சு போதாமல் போவது நெடுநாள் குறை. அந்தக் குறை என் மாணவியரிடமும் அப்படியே படிந்திருப்பதை ஆண்டுவிழா ஒத்திகையில் கேட்ட அன்றுதான், மூச்சையே தொழிலாகக் கொண்டவரிடம் போய்க் கற்க வேண்டும் என்று தோன்றியது.

முதல் மூன்று வாரங்கள் நாகசுரத்தைக் கையில் தரவில்லை. சீவாளி மட்டுமே கொடுத்தார். கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்யும் அந்தச் சிறிய ஊதுவாயை, எச்சிலில் ஊறி அதன் இரு இதழ்களும் நெகிழும் வரை வாயில் வைத்திருந்து, பிறகு எட்டு எண்ணும் வரை ஒரே ஒலியை அசையாமல் ஊத வேண்டும். முதல் நாள் நான் இருந்த பலத்தையெல்லாம் கொடுத்து ஊதினேன். கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, ஓசை கீச்சென்று மேலேறி, ஐந்தாவது எண்ணிக்கையில் அறுந்தது. "டீச்சர், கைய விலாவுக்குக் கீழ வச்சுப் பாருங்க. காத்து அங்கேருந்து வரணும். தொண்டை வெறும் வழிதான்" என்றார். நான் பாடிய இத்தனை ஆண்டுகளில் அந்த இடத்தில் கை வைத்துப் பார்த்ததே இல்லை.

வாசிப்பைத் தொடங்கியபோது, முதல் பாடமான சரளி வரிசையிலும் இதே கண்டிப்புதான். முதற்காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களுக்கு (எண்ணிக்கைகளுக்கு) எட்டு சுரங்கள். ஓர் ஆவர்த்தனம் (தாளச் சுற்று) முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மூச்சு வாங்கியாக வேண்டும். அதற்கான நேரத்தைக் கடைசிச் சுரத்தின் வாலிலிருந்துதான் எடுக்க வேண்டுமே தவிர, அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் சுரத்தைத் தள்ளிவைக்கக் கூடாது. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த ஒரு பாடத்துக்கே எனக்கு இரண்டு வாரங்கள் பிடித்தன. மறுவாரம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாட வைத்தபோது, அதுவரை ஓடி ஓடிப் பாடிக்கொண்டிருந்தவர்கள் தாளத்தில் நின்றார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு பாடு என்று இத்தனை நாள் அவர்களிடம் சொல்லி வந்ததற்காக வருந்துகிறேன்.

இந்த வகுப்பின் சிறந்த பகுதி கேட்டுப் பழகும் பயிற்சி. நாகசுர மேதை திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக ஆலாபனைப் பதிவைப் போட்டு, அவர் மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம் தரையில் தட்டச் சொன்னார் ஐயா. பல இடங்களில் எங்கள் கை முந்திக்கொண்டது. முடிந்துவிட்டது என்று நாங்கள் தட்டிய பிறகும் அந்தப் பிடி (சுரங்களின் கோவை) மேலே போய்க்கொண்டிருந்தது. அப்போது அவர் சொன்ன விளக்கம் எனக்கு எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காதது. அடுத்து ஊதப்போகும் பிடி இன்னதென்று மனத்தில் உருவான பிறகு இழுக்கும் மூச்சு, அந்தப் பிடிக்கு வேண்டிய அளவில் தானே அமைகிறது. எதுவும் தோன்றாமல், காற்றுக்காக மட்டும் இழுத்த மூச்சு மிஞ்சிப்போகும் அல்லது பற்றாமல் போகும். கற்பனை மூச்சுக்கு முன்னே வர வேண்டும் என்பதை அன்று என் காதாலேயே கேட்டேன். அதன்பின் நான் பாடும்போதும் அந்தச் சிறு இடைவெளியை வெறுமையாக விடுவதில்லை.

நாகசுரத்துக்குத் துணையாக ஒரே சுருதியை ஒலிக்கும் ஒத்து என்ற குழலை ஊதுவோர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளிவிட்டபடியே மூக்கால் மூச்சு வாங்கிச் சுருதி அறாமல் காக்கும் முறையையும் ஒரு நாள் செய்து காட்டினார். சுருதிப் பெட்டி வந்தபின் ஒத்து அருகிவிட்டது. அந்த வித்தையைக் கண்ணெதிரே பார்க்கவாவது இங்கே ஒருமுறை போகலாம்.

குறைகளும் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களையும் வர்ணம் வாசிப்பவர்களையும் ஒரே அறையில் உட்கார வைப்பதால், தன் ஒலி தனக்குக் கேட்காத தவிப்பு இருக்கிறது. மூச்சோடு தொடர்புடைய பயிற்சி என்பதால், ஆஸ்துமா, இரத்த அழுத்தம் போன்றவை உண்டா என்று சேரும்போதே கேட்டிருக்க வேண்டும். அப்படி யாரும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம் உடன் பயின்ற ஒருவருக்குத் தலை சுற்றியது. ஐயா உடனே நிறுத்தி, தண்ணீர் கொடுத்து அக்கறையோடு கவனித்தார் என்றாலும், முன்கூட்டியே கேட்பதுதான் முறை. சீவாளிக்குத் தனியாகப் பணம் தர வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

மாதம் 1,500 ரூபாய், காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை. வாத்தியம் வாங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. மூன்று மாதங்களுக்கு அவருடையதிலேயே வாசிக்கலாம். அதன் பிறகு தேவைப்பட்டால், 2022-இல் தன் நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டைக்குத் தாமே அழைத்துச் சென்று, பழைய வீடுகளில் கிடைக்கும், நன்றாக உலர்ந்த ஆச்சா மரத்தில் கடைந்த பாரி நாயனத்தை (நீண்ட நாகசுரத்தை), வாசிப்பவரின் மூச்சுக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்கித் தருகிறார். வரும் தை மாதம் எனக்கும் ஒன்று வாங்கப் போகிறோம்.