சர்க்ஸ் என்ஜி தேடுபொறி: இடைமுகம் நல்லது, அமைப்புகளை மாற்றினால்

கூகுள், பிங், விக்கிப்பீடியா எனப் பல இடங்களில் ஒரே நேரத்தில் தேடி, கிடைத்ததை ஒரே பக்கத்தில் அடுக்கித் தரும் கட்டற்ற மென்பொருள் சர்க்ஸ் என்ஜி. 2021-இல் சர்க்ஸ் என்ற பழைய தேடுபொறி மென்பொருளிலிருந்து கிளைத்தது. விளம்பரம் கிடையாது. ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தினாலும் தேடல் ஓடும். பழைய கணினிக்கு இது பெரிய வரம்.

முதலில் இடறுவது 'பின்செல்' பொத்தான். தேடுசொல் முகவரிப் பட்டையில் பதியக்கூடாது என்று, அதை முகவரியில் சேர்க்காமல் அனுப்பும் 'போஸ்ட்' முறையைப் பல தளங்களில் வைத்திருப்பார்கள். அதனால் ஒரு முடிவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், படிவத்தை மறுபடி அனுப்பவா என்று உலாவி கேட்கக்கூடும். தேடல் பக்கத்தின் முகவரியை நண்பருக்கு அனுப்பினாலும் பயனில்லை; தேடுசொல் அதில் இருக்காது. அமைப்புகளில் அந்தரங்கப் பகுதிக்குப் போய், தேடுசொல்லை முகவரியிலேயே சேர்த்து அனுப்பும் 'கெட்' முறைக்கு மாற்றினால் இரண்டும் தீரும். தேடுசொல் உலாவி வரலாற்றில் பதியும், அதுதான் விலை. சொந்தக் கணினியில் 'கெட்' போதும்; பொதுக் கணினியில் மாற்றாதீர்கள்.

அடுத்தது வேகம். எல்லாப் பொறிகளும் பதில் தரும்வரை அல்லது காலக்கெடு முடியும்வரை பக்கம் காத்திருக்கும். இயல்பான கெடு 3 நொடி. ஆக, ஒரே ஒரு மந்தமான பொறி போதும், மொத்தத் தேடலும் இழுபடும். பொறிகள் பட்டியலில் பதில் நேரம், நம்பகத்தன்மை என்று தனி நெடுவரிசைகள் உண்டு. இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் தேடுபொறி அரிது. நம்பகத்தன்மை குறைந்தவற்றின் தேர்வை எடுத்துவிடுங்கள். தேடல் மொழியைத் தமிழாக வைத்துவிட்டு அதே பட்டியலைப் பார்த்தால், எந்தப் பொறி தமிழை ஏற்கிறது என்பதும் தெரியும். ஏற்காதவை தமிழ்த் தேடலுக்குப் பெரும்பாலும் சுமைதான். ஒரே ஒரு தேடலுக்கு மட்டும் மொழி மாற்ற, முக்காற்புள்ளியையும் மொழிக்குறியையும் (தமிழுக்கு :ta) தேடுசொல்லுக்கு முன் இட்டால் போதும்.

கணக்கு இல்லாததால் இந்த மாற்றங்கள் எல்லாம் உலாவி சேமித்துவைக்கும் சிறு தரவான குக்கீயில்தான் இருக்கும். குக்கீயை அழித்தால் மறுபடி முதலிலிருந்து. குக்கீ பகுதியில் உங்கள் அமைப்புகளை உள்ளடக்கிய முகவரி ஒன்று கிடைக்கும். அதைப் புத்தகக்குறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

விசைப்பலகைக் குறுக்குவழிகள் அருமை: 'எச்' விசை உதவிப் பட்டியலைத் திறக்கும், 'ஐ' தேடல் பெட்டிக்குக் கொண்டுபோகும். ஆனால் இவை ஆங்கில எழுத்தைத்தான் எதிர்பார்க்கின்றன. தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் தட்டச்சிட்டுத் தேடியபின் ஆங்கிலத்துக்கு மாறாமல் அழுத்தினால் எதுவும் நடக்காது. எழுத்தைப் பார்க்காமல் விசையின் இடத்தைப் பார்க்கும்படி நிரலை மாற்றினால் இந்தத் தொல்லை நீங்கும். உருவாக்குநர்கள் இதைச் செய்ய வேண்டும்.